பதினோரு கிலோ பட்டி

சென்ற ஞாயிறு விடியற்காலை என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வரை போய்ச் சொந்தக் காலில் வீடு திரும்பியது. போக வர 54 கிலோமீட்டர். யாரும் தள்ளவில்லை, கயிறு கட்டி இழுக்கவில்லை, வெப்பமானி முள் பாதியைத் தாண்டவில்லை. இது மூன்றாவது முயற்சி. முதல் முயற்சி வீட்டு வாசலிலேயே முடிந்துபோனது. இரண்டாவது, மதுக்கரையில் பெட்ரோல் குழாய்க்குள் துரு அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வருடமாகப் பால் கணக்கு நோட்டு ஒன்றில் எழுதிவந்ததை இனியாவது கோத்து வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இது 1966-இல் செய்த இரண்டு கதவு வண்டி. ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்து விற்றது. 948 சிசி என்ஜின், தனிச் சேஸி, அதாவது இரும்பு அடிச்சட்டம், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய உடல். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே முதலை வாய் போலத் திறக்கும். முன்சக்கரத்தின் மீது உட்கார்ந்துகொண்டே, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றலாம். நான் நாற்பது வருடம் பம்ப் தொழிற்சாலை டூல்ரூமில் குனிந்து வேலை பார்த்தவன். இந்த வண்டி எனக்குப் பிடித்துப்போக அந்த ஒரு வசதியே போதும்.

ஆனால் நான் வாங்கியது மிக்கெலோட்டியின் ஹெரால்டு அல்ல, தொலைக்காட்சியின் ஹெரால்டு.

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் ஒருவர் 2008-இல் தன் வண்டியை ‘கஸ்டம்’ செய்திருந்தார். அந்த நாட்களில் ஓவர்ஹாலின் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்காத வண்டிப் பைத்தியம் கிடையாது. வீட்டாரோடு கூட்டுச் சேர்ந்து ஒருவருடைய காரை அவருக்கே தெரியாமல் ‘திருடி’, கார் வடிவமைப்பாளர் சிப் ஃபூஸின் குழுவினர் ஒரே வாரத்தில் உருமாற்றி, கடைசியில் அவர் கண்முன் நிறுத்துவார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். பிம்ப் மை ரைட் இன்னொரு ரகம். ஒரு வண்டியின் டிக்கியில் பஞ்சு மிட்டாய் எந்திரமே வைத்தார்கள். அதில் பொருத்திய சில சாமான்களை ஒளிப்பதிவு முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள் என்று பங்கேற்றவர்களே பின்னாளில் சொன்னார்கள். திருப்பூர்க்காரர் பஞ்சு மிட்டாய் வரை போகவில்லை. ஆரஞ்சு நிறம், பானெட்டிலிருந்து கதவு வரை நெருப்புச் சுவாலை, 15 அங்குல அலாய் சக்கரம், டிக்கியில் திரையும் ஆம்ப்ளிஃபையரும், பானெட்டின் நடுவே காற்று வாங்க ஒரு மூக்கு. அந்த மூக்கு வழியாகக் காற்று எங்கும் போகவில்லை. மழைத் தண்ணீர் மட்டும் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் சொட்டியது.

விலை 1,85,000 ரூபாய். லாரியில் ஏற்றிக் கொண்டுவர 6,500. இறக்கிய அன்றே அக்கா மகன் நெருப்பைத் தடவிப் பார்த்து, “மாமா, இதை மட்டும் விட்டுவிடுங்கள்” என்றான். அவன் மருமகன், நான் மாமன். யோசிப்பதாகச் சொல்லி வைத்தேன்.

ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் அம்மிக்கல்லைத் திருப்புவது போல இருந்தது. ஹெரால்டின் பெருமையே 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுவதுதான். இதுவோ தெருமுனையில் மூன்று முறை முன்பின் போகவேண்டியிருந்தது, டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசியது. இங்கே என் முதல் தவறு. சக்கர அலைன்மெண்ட் சரியில்லை என்று முடிவுகட்டி, கணினி வைத்திருக்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அதன் பட்டியலில் ஹெரால்டே இல்லை. வேறொரு சின்னக் காரின் அளவைப் போட்டு முறுக்கி, 1,800 ரூபாய்க்கு வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். முழுக்கப் பச்சைப் புள்ளி.

மறுவாரம் வீட்டு வாசலிலிருந்து பின்னால் எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டியின் இடது மூக்கு தரையில் குத்தியது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. வேகம் நடை வேகம்கூட இல்லை. இதே முறிவு அவிநாசி சாலையில் நடந்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

உடைந்த இடம் டிரன்னியன். ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் குடுவைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. அதற்குப் போடவேண்டியது தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அல்ல. ஆனால் அந்த இடத்தைப் பார்த்தாலே கிரீஸ் அடிக்கும் இடம் போலத் தோன்றும். அதனால் ஊர் ஊராக மெக்கானிக்குகள் ஐம்பது வருடமாக அதில் கிரீஸ் அடித்துவருகிறார்கள். என்னுடையதில் கிரீஸ் காய்ந்து கருப்பட்டி போல இறுகியிருந்தது. அதன் கீழே தண்ணீர் தேங்கி, மரை துருப்பிடித்து, கழுத்துப் பகுதி மெலிந்து முறிந்திருக்கிறது.

அதற்கு மேலும் ஒரு பாரம் சேர்ந்திருந்தது. ஹெரால்டின் சக்கரத்தில் நான்கு ஸ்டட்டுகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் அலாய் 100 மில்லிமீட்டருக்குத் துளையிட்டது. ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே நடுவில் 32 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அலுமினியத் தட்டைச் செருகியிருந்தார்கள். சக்கரம் அவ்வளவு வெளியே தள்ளி நின்றது. 800 கிலோ வண்டிக்கென்று கணக்குப் போட்ட மரையை நெம்புகோல் வைத்து நெம்பியது போலத்தான். சிப் ஃபூஸ் வண்டியில் பெரிய சக்கரம் போட்டால் கீழேயுள்ள சஸ்பென்ஷனையும் சேர்த்துப் புதிதாகச் செய்கிறார். நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் சக்கரத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே இரண்டாவது தவறு, முழுக்க என் கர்வத்தில் விளைந்தது. டூல்ரூம்காரன் அல்லவா, வெண்கலக் குடுவையை நானே லேத்தில் கடைந்துவிடலாம் என்று இறங்கினேன். கணபதியில் நண்பர் ஒருவரின் பட்டறையில் பாஸ்பர் வெண்கலத் துண்டு வாங்கி இரண்டு சனிக்கிழமை கடைந்தேன். செலவு 3,400. ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை என்பதை முதல் துண்டு முடிந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டாவது துண்டில் மரை சரியாக அமைந்தது, ஆனால் தண்டைத் திருகி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் டயல் முள் 0.6 மில்லிமீட்டர் ஆடியது. உயிரைத் தாங்கும் பாகத்தில் அவ்வளவு ஆட்டத்தை வைத்துக்கொண்டு தூங்க முடியாது. அந்தத் துண்டு இப்போது என் மேசையில் பேனா நிறுத்துகிறது.

நல்ல காலம், ஸ்பிட்ஃபயர் என்ற ட்ரையம்ஃப் விளையாட்டுக் காரும் ஹெரால்டின் எலும்பிலிருந்து பிறந்ததுதான். அதனால் இங்கிலாந்தில் இந்தப் பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் தண்டு, குடுவை, புஷ், சீல் எல்லாம் சுங்க வரியோடு 41,300 ஆனது. மாட்டி ஆயில் நிரப்பினேன். வருடத்துக்கு ஒரு முறை ஆயில் என்று ஆயில் பேயிண்டில் பானெட்டுக்கு உள்ளே எழுதியும் வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு வருபவருக்காக.

பழைய 13 அங்குல இரும்புச் சக்கரங்களை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மூன்று வாரம் தேடினேன். நான்கு கிடைத்தன, ஒன்று கோணல். கோணல் எடுத்தது உட்பட 11,000. டயர், இன்றைய சிறு காருக்கு வரும் 145/80 ஆர் 13 ரேடியல், நான்கும் 16,000. மாட்டிய அன்றே ஸ்டியரிங் ஒரு விரலுக்கு அடங்கியது. அதுவரை பவர் ஸ்டியரிங் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த மருமகன் வாய் மூடினான்.

அடுத்தது உடல். கைக்குட்டையில் ஒரு காந்தத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். பானெட்டில் ஒட்டியது. கதவின் மேல் பாதியில் ஒட்டியது. கீழ்ப்பாதி, பின் மட்கார்டு, டிக்கியின் விளிம்பு, எங்கும் வழுக்கி விழுந்தது. டிங்கர் வேலைக்கு ஒப்புக்கொண்ட பெரியவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, நீங்கள் கார் வாங்கவில்லை, பட்டி வாங்கியிருக்கிறீர்கள்” என்றார். பெயிண்டுக்கு முன் தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசைதான் பட்டி. சூடு காட்டிச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததையெல்லாம் ஒரு சாக்கில் சேர்த்து, தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 11 கிலோ 200 கிராம். மளிகைக்காரர் என்ன சாமான் என்று கேட்டார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஓரிடத்தில் பட்டியின் கனம் நான்கு நூல், அரை அங்குலம். அதன் கீழே கோழி வலை, அதன் கீழே சுருட்டிச் செருகிய செய்தித்தாள், அதன் கீழே ஒன்றுமில்லை.

இந்தப் பட்டியின் கதைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பல வாரம் ஓடியது. ரேஸ் கோர்ஸ் பக்கம் தேநீர்க் கடையில் பழைய வண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். 1100 ஃபியட் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இந்த நிகழ்ச்சிகளே ஆகாது. தாஜ்மகாலுக்கு டிஸ்டெம்பர் அடிக்கிறார்கள் என்பார். அம்பாசடர்க்காரர் நேர் எதிர். அவருக்கு ஃபூஸ் மார்க்கரை எடுத்துக் கோடு போடும் அந்த ஐந்து நிமிடம் கச்சேரி கேட்பது மாதிரி. “அமெரிக்காவில் ஒரு மஸ்டாங்கை லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். ஒன்றிரண்டில் கை வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஹெரால்டில் எத்தனை மிச்சம்?” என்று அவரே ஒரு நாள் கேட்டார். ஆசிரியரைவிட அவர்தான் என் கட்சிக்கு நல்ல வக்கீல்.

எனக்கு அந்த நிகழ்ச்சிகளில் பிடித்தது வீலர் டீலர்ஸ். இங்கிலாந்துக்காரர்கள். மைக் ப்ரூவர் பேரம் பேசி வாங்கி வருவார். எட் சைனா ஆரஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்டு கழற்றி மாட்டுவார். எந்த போல்ட், எந்த ஸ்பேனர், ஏன் என்று சொல்வார். கடைசியில் மைக் லாபக் கணக்குப் போடுவார், அதில் எட்டின் உழைப்புக்குக் கூலி மட்டும் வராது. 2017-இல் எட் விலகினார். பட்டறைக் காட்சிகளின் நுணுக்கத்தைக் குறைக்க நினைத்ததே காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அன்று எங்கள் தேநீர்க் கடையில் இரங்கல் கூட்டம் போலத்தான் இருந்தது. போல்ட்டைக் காட்ட நேரம் இல்லை, அழுகையைக் காட்ட மட்டும் நேரம் உண்டு என்றால் அதில் எங்களுக்கு என்ன வேலை?

இப்படிப் பேசியவன் மூன்றாவது தவறைத் தொலைக்காட்சியிடமிருந்தே கற்றேன்.

பட்டியெல்லாம் போன பிறகு சேஸி தெரிந்தது. பக்கவாட்டில் உடலைத் தாங்கும் கைகளில் பின்பக்கத்தவை இரண்டும் ஜல்லடை. டிக்கியின் அடியில் போகும் குழாயும் அப்படியே. டிங்கர் பெரியவர் வண்டியைச் சாய்த்து வைத்து ஒவ்வொரு கையாக மாற்றலாம் என்றார். நான் கேட்கவில்லை. நிகழ்ச்சிகளில் எல்லாம் நான்கு பேர் சேர்ந்து உடலை அப்படியே தூக்கி ஓரமாக வைப்பார்கள், அரை நிமிடக் காட்சி. ஹெரால்டின் உடல்தான் போல்ட்டில் மாட்டியதாயிற்றே, தூக்கிவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். செயின் பிளாக் வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டு இளைஞர்கள் நால்வரையும் சேர்த்து, தூக்கியும் விட்டோம். கைத்தட்டல்கூட இருந்தது.

இறக்கி வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஹெரால்டின் உடல் ஒற்றைப் பெட்டி அல்ல. முன்தொட்டி, பின்தொட்டி என்று இரண்டு துண்டு நடுவில் போல்ட்டில் இணைகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் சில் பலகை வெறும் அழகுக்கு மாட்டுவது, எடை தாங்காது. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைக்காமல் தூக்கினால் உடல் நடுவில் மடிந்துகொள்ளும். என்னுடையது மடிந்துகொண்டது. மேல் மூலையில் கதவின் இடைவெளி 4 மில்லிமீட்டரிலிருந்து 14-க்குப் போயிருந்தது. அரை நிமிடக் காட்சிக்கு முந்தைய நாள் முழுக்க அந்தக் குழாயைப் பற்றவைத்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முக்கால் அங்குலச் சதுரக் குழாய் இரண்டு நீளம் தோளில் சுமந்து வந்தார். அவ்வளவுதான்.

சேஸிக் கைகளை 2 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டி மடித்துப் பற்றவைத்தோம். உடலுக்கு 20 கேஜ். பெரியவர் தகட்டைச் சுத்தியலும் டாலியுமாகத் தட்டி வளைத்த அழகை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தேன், கணக்கில் அந்த நாளையும் எட்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன். பானெட் மூக்கை வெட்டியெடுத்து ஓட்டையைத் தகடு வைத்து மூடினார். இப்போது விரலால் தடவினால்கூடத் தெரியாது. பட்டி ஒரு தேநீர்க் கரண்டி அளவு. தகடு, வெல்டிங், அவருடைய கூலி எல்லாம் சேர்த்து 96,000. அவர் கேட்டதைவிட அதிகம் கொடுத்தும் குறைவாகக் கொடுத்த உணர்வு போகவில்லை.

உடலை மறுபடி சேஸியில் இறக்கிக் கதவுகளை நேர் செய்ய ஒன்பது வாரம். சேஸிக்கும் உடலுக்கும் நடுவே ஷிம் எனும் மெல்லிய தகடு வைக்கவேண்டும். ஒரு மூலையில் ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தால் எதிர்க் கதவின் அடிப்பகுதி விலகும். அதைச் சரிசெய்தால் பானெட் இடிக்கும். கட்டையில் தேய்க்கும் சப்பாத்தி மாவைப் போல ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்கிற்று. வலது கதவு ஏழாம் வாரம் அடங்கியது. இடது கதவு தூக்கலாக ஒரு மயிரிழை இருந்தால்தான் பூட்டும். அதை நான் தோல்வி என்றே நோட்டில் எழுதினேன்.

பெயிண்டுக்கு வருகிறேன். மூல நிறம் தெரியவேண்டியிருந்தது. டாஷ்போர்டின் பெட்டியைக் கழற்றியபோது அதன் பின்னால் கையளவு இடத்தில் சாம்பல் கலந்த இளநீலம். கம்பி வைத்த கண்ணாடியில் பார்த்த மழைமேகம் மாதிரி. அதைக் கொண்டுபோய்க் காட்டி நிறம் கலந்தேன். மருமகன் நெருப்புக்காகக் கடைசியாக ஒரு முறை வாதாடினான். பழைய பானெட்டைப் படமெடுத்துச் சட்டம் போட்டுத் தருவதாகச் சமாதானம் செய்தேன்.

பெயிண்ட் அடித்தது ஆடி மாதத்தில். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடிய காரியமா இது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று ஊரிலுள்ள புழுதியையெல்லாம் கொண்டுவந்து ஈரமான கிளியர்கோட்டில் விதைத்தது. தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்தும் பயனில்லை. கூரையில் ஒரு கொசு சமாதியானது. 62,000 செலவு செய்த பெயிண்டின்மேல் 14,500-க்கு மறுவேலை. 1500, பிறகு 2000 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாலீஷ் போட்டோம். அடுத்த முறை என்று ஒன்று வந்தால் தைக்கு முன்னால் ஸ்ப்ரே கன்னைத் தொடமாட்டேன்.

வயரிங் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. திரைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் எல்இடி பட்டைகளுக்கும் சேர்த்து 23 வயர்கள், எதற்கும் ஃபியூஸ் இல்லை, எல்லாம் முறுக்கி டேப் சுற்றியவை. ஒன்றின் மேல்தோல் உருகி மற்றொன்றோடு ஒட்டியிருந்தது. முழுக்க அறுத்தெறிந்து புதிதாக இழுத்தேன், 21,000.

ஆனால் திருப்பூர்க்காரர் வைத்த ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. மின்சாரம் எடுக்கும் பழைய டைனமோவைக் கழற்றி, இன்றைய கார்களில் உள்ள ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தார், ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்திருந்தார். ஃபியட் ஆசிரியர் இதற்காக என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. அவர் மாலை ஐந்துக்கு மேல் வண்டி எடுப்பதில்லை. எனக்கு இரவு ஓட்டம் பிடிக்கும். டைனமோ ஐட்லிங்கில் கொடுக்கும் மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணாடி போட்ட என் கண்ணுக்குச் சாலை ஓரம் தெரியாது. டைனமோவைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான்கு போல்ட், ஒரு பெல்ட், அரை நாள் வேலை, வேண்டுபவர் மாட்டிக்கொள்ளலாம். மாற்றம் எதுவானாலும் திரும்பக் கழற்ற முடிந்தால் எனக்குச் சண்டையில்லை. பானெட்டை வெட்டியதைத்தான் கழற்ற முடியாது.

சட்டமும் இதில் ஒரு கட்சி. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-இல் வந்த விண்டேஜ் விதிகள்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியைத் தனி எண் வரிசையில் பதியலாம், கட்டணம் 20,000. ஆனால் சேஸியும் உடலும் என்ஜினும் மூல வடிவில் இருக்கவேண்டும். நெருப்பும் மூக்குமாக இருந்த வண்டியை அங்கே கொண்டுபோயிருந்தால் வாசலிலேயே சிரித்திருப்பார்கள். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அந்தப் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்டக் கூடாது, எனக்கோ காய்கறி வாங்கப் போகவும் இந்த வண்டிதான் வேண்டும்.

என்ஜின் ஆச்சரியமாகப் பிழைத்திருந்தது, குரோம் மூடி மாட்டியதோடு விட்டுவிட்டார்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளழுத்தம், பார்த்தேன்: 130, 128, 95, 131. மூன்றாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது. ஹெட் வேலைக்கு 28,500. இடைவெளிகளை வைத்தேன்: டாப்பெட் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு), பாயிண்ட் பதினைந்து தௌ, பிளக் இருபத்தைந்து தௌ. இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. பெட்ரோல் டாங்கியின் உள்ளே கழுவ மறந்ததுதான் மதுக்கரையில் என்னை நிறுத்தியது. ரப்பர் பீடிங், கண்ணாடி 33,000. சீட் 26,000, பழைய ஸ்பிரிங் மேலேயே ரெக்ஸின்.

மைக் ப்ரூவர் பாணியில் கூட்டினால் 5,46,000. அலாய் சக்கரங்களை ஒரு கல்லூரிப் பையனுக்கு 22,000-க்கும் திரை, ஆம்ப்ளிஃபையரை 9,000-க்கும் விற்றதைக் கழித்தால் 5,15,000. நோட்டில் என் நேரம் 1,120 மணி. மணிக்கு 150 ரூபாய் என்று என் கடைசிச் சம்பளத்தைவிடக் குறைவாகப் போட்டாலும் 1,68,000. அம்பாசடர்க்காரர் வண்டிக்கு நான்கு லட்சம் வரை கேட்பார்கள் என்றார். நான் விற்கப் போவதில்லை, ஆகவே அந்தக் கணக்கை அதற்கு மேல் நோண்டவில்லை.

ஞாயிறு மாலை திருப்பூர்க்காரர் வண்டியைப் பார்க்க வந்தார். நான்தான் அழைத்திருந்தேன், கொஞ்சம் குத்திக்காட்டும் எண்ணமும் இருந்தது. அவர் புகைப்படக் கோப்பு ஒன்றை எடுத்துவந்தார். முதல் சில படங்கள் தொலைக்காட்சித் திரையைப் பார்த்து எடுத்தவை, சக்கரம், நிறம், நெருப்பு. அதற்கடுத்த படம் அவிநாசியில் ஒரு பழைய இரும்புக் கடை. ஹெரால்டின் கூரைமேல் இரண்டு மொபெட்டுகள் கிடக்கின்றன. ஒரு கதவின் மேல் சாக்குக்கட்டியால் 3,500 என்று எழுதியிருக்கிறது. அடுத்த நாள் கியாஸ் கட்டர் வருவதாக இருந்ததாம். தொலைக்காட்சியைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துப் போய் அன்று சாயங்காலமே வாங்கிவந்திருக்கிறார். பதினோரு கிலோ என்று அவரிடம் சொல்வதற்காக வைத்திருந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு லேசா?” என்று கேட்டார். பிறகு இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார், இறங்கினார். சாத்தும்போது கைப்பிடியில் விரல் விட்டு, நான் சொல்லாமலேயே, கதவை மயிரிழை தூக்கி அழுத்தினார். ‘களுக்’ என்று பூட்டிக்கொண்டது.

“முதல் நாளிலிருந்தே இப்படித்தான் சாத்துவேன்” என்றார்.